காவிரிப் படுகையின் கலைக்கூடங்கள்: அட்டையில் இருக்கும் ஊரைத் தேடி

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்துக்குள் நுழைபவர் பெரும்பாலும் சிலையின் முகத்தைப் பார்க்கிறார், பெயரைப் படிக்கிறார், அடுத்த சிலைக்கு நகர்ந்துவிடுகிறார். பெயருக்குக் கீழே ஓர் ஊரின் பெயர் இருக்கும். திருவெண்காடு என்றோ தாராசுரம் என்றோ எழுதியிருக்கும். காவிரிப் படுகையில் கலை பார்க்கப் புறப்படும் பயணி முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது அந்த ஊர்ப்பெயரைத்தான். அந்த ஊர் இன்றும் இருக்கிறது, கோயில் இருக்கிறது, பேருந்தும் போகிறது. காலையில் கூடத்தில் கண்ட சிலை எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணில் மாலையில் நிற்க முடியும். லண்டனிலோ நியூயார்க்கிலோ சோழர் காலச் செப்புத் திருமேனியின் முன் நிற்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே அருங்காட்சியகம், கோயில், பட்டறை என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டுப் பார்ப்பதைவிட, ஒரு சிலையைப் பிடித்துக்கொண்டு அது வந்த வழியே திரும்பிப் போவதையே இந்த அத்தியாயம் பரிந்துரைக்கிறது. பார்க்கும் இடங்கள் குறையும். பார்த்தவை மனத்தில் நிற்கும்.

அரண்மனைக் கூடம்

நாயக்கர் கட்டி மராட்டியர் விரித்த அரண்மனையின் ஒரு பகுதியில் 1951இல் இந்தக் கலைக்கூடம் தொடங்கப்பட்டது. மாவட்டத்தின் சிதைந்த கோயில்களிலும் வயல்களிலும் கிடந்த கற்சிலைகளும், மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளும் இங்கே வந்து சேர்ந்தன. படுகையில் ஏர் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் திருமேனிகள் கிடைப்பது இன்றும் நடக்கிறது. படையெடுப்புக் காலங்களில் கோயிலார் அவற்றைப் புதைத்துவைத்தார்கள். புதைத்த இடம் அறிந்தவர்கள் மறைந்த பிறகு அவை மண்ணோடு மண்ணாக இருந்துவிட்டன. இப்படிக் கிடைப்பதெல்லாம் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் வழியாக அவை அருங்காட்சியகத்துக்குப் போவது இந்தச் சட்டத்தால்தான்.

செப்புத் திருமேனிகளின் கூடத்தில் நேரம் குறைவாக இருப்பவர்கூட நிற்க வேண்டிய இடம் திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால். காளை காணாமல் போய்விட்டது. சாய்வதற்கு நீட்டிய கை மட்டும் வெறும் காற்றின் மேல் தங்கியிருக்கிறது. கால் ஒன்றை ஒன்று குறுக்கிட நிற்கும் அந்த நிலையில் உடல் முழுவதும் ஒரு தளர்வு. தலைமுடி பாம்புகளோடு சேர்த்துச் சுற்றிய பாகைபோல் அமைந்திருக்கிறது. காளை இல்லாததால் சிலை குறைபட்டதாகத் தோன்றவில்லை. பார்ப்பவரின் கண்ணே அங்கே ஒரு காளையை நிறுத்திக்கொள்கிறது. இந்தத் திருமேனி 1011ஆம் ஆண்டிலும் தேவியின் திருமேனி அடுத்த ஆண்டிலும் செய்தளிக்கப்பட்டதைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டுகள் சொல்கின்றன. சோழர் செப்புத் திருமேனிகளில் இவ்வளவு துல்லியமாக ஆண்டு தெரிந்தவை மிகக் குறைவு. அதனாலேயே மற்ற பல சிலைகளின் காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் இதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

அதே ஊரிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியும் இங்கேதான் இருக்கிறது. மணமகன் கையில் தன் கையைக் கொடுத்துவிட்டுத் தலை தாழ்த்தி நிற்கும் பார்வதியும், தாரைவார்க்க வந்திருக்கும் திருமாலும் திருமகளும் சேர்ந்த தொகுதி அது. பார்வதியின் தோள் சற்றே பின்வாங்கியிருப்பதை நேர் எதிரே நின்றால் காண முடியாது. பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டிலிருந்தும் பின்புறமிருந்தும் பார்ப்பதற்கு அருங்காட்சியகம் மட்டுமே இடம் கொடுக்கிறது. கோயிலில் உற்சவர் பட்டும் பூவும் நகையும் அணிந்திருப்பார். முகமும் கையும் தவிர வேறொன்றும் தெரியாது. இங்கே முதுகின் வளைவும், சடையின் முடிச்சும், இடுப்பு ஆடையின் மடிப்பும் தெரிகின்றன. பீடத்தையும் குனிந்து பார்ப்பது நல்லது. அதில் துளைகளோ வளையங்களோ இருக்கும். திருவீதி உலாவின்போது திருமேனியை அசையாமல் கட்டி நிறுத்துவதற்காக அமைத்தவை அவை. முகம் தேய்ந்து மூக்கும் இதழும் மழுங்கியிருந்தால், அது நெடுங்காலம் அபிஷேகத்தில் இருந்த திருமேனி. பச்சைக் களிம்பு படிந்திருந்தால் மண்ணுக்குள் இருந்தது. அட்டையில் எழுதாத இந்த வரலாற்றைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

கற்சிலைப் பகுதியில் தாராசுரத்திலிருந்து வந்தவை தனிக் கவனத்துக்கு உரியவை. யானையின் தோலை உரித்துப் போர்த்திக்கொண்டு ஆடும் கஜசம்ஹாரமூர்த்தியின் உடல் முறுக்கிய முறுக்கில் மார்பு ஒரு திசையிலும் இடுப்பு ஒரு திசையிலும் திரும்பியிருக்கின்றன. குழந்தையோடு ஒதுங்கும் தேவியின் முகத்தில் அச்சம் தெரிகிறது. கரிய கல்லில் இவ்வளவு வேகத்தை ஏற்றியது பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பிகளின் துணிச்சல். தாருகாவனத்து முனிபத்தினியர் வரிசையும் அந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்ததுதான்.

தாராசுரத்தில் கிடைத்த இன்னொரு சிலை, ஒரு துவாரபாலகர். அதன் முகமும் அணிகளும் சோழ நாட்டுப் பாணியில் இல்லை. முதலாம் இராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது என்று பீடத்திலேயே தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டு வெற்றிச் சின்னம் ஒன்று தன் விளக்க அட்டையையும் கல்லிலேயே சுமந்துகொண்டு நிற்கிறது. இதைப் பார்க்காமல் கூடத்தை விட்டு வெளியேறக் கூடாது.

வளாகத்தின் மற்ற பகுதிகளையும் விரைவாகச் சுற்றி வரலாம். இரண்டாம் சரபோஜி மன்னரின் பளிங்குச் சிலை இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. அவர் செய்த இன்னொரு பளிங்குப் படைப்பு பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைப் பூங்காவருகே உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் தன் ஆசிரியர் சுவார்ட்ஸைச் சரபோஜி வந்து பார்க்கும் காட்சி அது. அரண்மனையில் சிலையைப் பார்த்த கையோடு தேவாலயத்துக்கும் போனால், மன்னர் ஒருவரின் அரசுக்கோலத்தையும் துயரத்தையும் ஒரே சிற்பியின் கையில் காணலாம். சரஸ்வதி மகால் நூலகத்தின் சிறிய காட்சிக்கூடத்தில் ஓலைச்சுவடிகளோடு, மனித முகங்களையும் விலங்கு முகங்களையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ரனின் படங்களும் உண்டு. தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் அரண்மனை வளாகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகளோடு வருபவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ஊர்களை நோக்கி

தஞ்சையிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். தாராசுரம் கும்பகோணத்தின் வாசலிலேயே இருக்கிறது. இரண்டாம் இராஜராஜன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயில் 2004இல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. கலைக்கூடத்தில் கஜசம்ஹாரமூர்த்தியைப் பார்த்தவர் இங்கே வந்ததும் முதலில் கவனிக்க வேண்டியது சிற்பங்களின் அளவை. பெரிய கோயிலைப் போல் அண்ணாந்து பார்க்கும் கட்டடம் இல்லை இது. கண்ணுக்கு நேராகவும் முழங்காலுக்குக் கீழேயும் கல்லில் கதைகள் ஓடுகின்றன. கருவறையைச் சுற்றிய அடித்தளத்தில் நாயன்மார்களின் வரலாறுகள் சிறு சிறு பலகைகளாக, பெயர் பொறிப்போடு இருக்கின்றன. தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய சிற்பங்கள் அவை. நின்றபடி சுற்றி வருபவர்கள் அவற்றைத் தவறவிடுகிறார்கள். குதிரைகள் இழுக்கும் தேராக வடித்த மண்டபத்தையும், ஒரே தலை காளைக்கும் யானைக்கும் பொதுவாக அமைந்த சிற்பத்தையும் எவரிடம் கேட்டாலும் காட்டுவார்கள்.

ரிஷபவாகனரின் ஊரான திருவெண்காடு கடலோரத்தில், பூம்புகாருக்கு அருகில் இருக்கிறது. மயிலாடுதுறையைத் தங்குமிடமாக வைத்துக்கொள்வது வசதி. சுவேதாரண்யேசுவரர் கோயிலில் புதன் சன்னிதி இருப்பதால் புதன்கிழமைகளில் கூட்டம் நெரியும். சிற்பம் பார்க்க வருபவர்கள் வேறு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஊர் மண் கொடுத்த இன்னொரு பெரும் படைப்பான அர்த்தநாரீசுவரர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படுகைப் பயணத்தைச் சென்னையில் தொடங்குபவர்கள் அங்கே ஒரு பகல் செலவிட்டுவிட்டு இரயில் ஏறினால், திருவெண்காட்டுக் குளக்கரையில் நிற்கும்போது அந்த உருவம் நினைவில் இருக்கும்.

வெளிநாடு போய்த் திரும்பிய திருமேனிகளின் கதையும் இந்த ஊர்களோடு சேர்ந்தது. கும்பகோணம் பகுதியின் சிவபுரம் நடராசர் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகம் வரை போய் 1986இல் திரும்பினார். 1976இல் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிவந்து லண்டனுக்குக் கடத்தப்பட்ட நடராசருக்காக அங்கே வழக்கு நடந்தது. இடிந்து கிடந்த கோயிலையே ஒரு சட்ட உரிமையாளராக அந்நாட்டு நீதிமன்றம் ஏற்றது, 1991இல் திருமேனி இந்தியாவுக்கு வந்தது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கியது, 2014இல் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சிலை கோயிலுக்கு உரியது என்று காட்ட உதவியவற்றுள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே எடுத்துவைத்திருந்த புகைப்படமும் ஒன்று. அட்டையில் ஊர்ப்பெயர் சரியாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த மூன்று வழக்குகளே போதும்.

திருட்டுக்கு அஞ்சியே சிறு கோயில்கள் பலவற்றின் உற்சவர்கள் இன்று சொந்த ஊரில் இல்லை. திருவாரூர் முதலிய இடங்களில் அரசு அமைத்துள்ள பாதுகாப்பு மையங்களில் அவை பூட்டி வைக்கப்பட்டு, திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்து போகின்றன. சிற்றூர்க் கோயிலுக்குப் போய் வெறும் பீடத்தைக் காணும் பயணி வருத்தப்படலாம். அர்ச்சகரிடம் திருவிழா நாளைக் கேட்டு வைத்துக்கொள்வதே அங்கே செய்யக்கூடியது. அந்த ஏக்கத்தைத் தீர்க்கும் கோயில் ஒன்றும் படுகையில் இருக்கிறது. சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக்கிய கோனேரிராஜபுரத்தில் ஆளுயரத்தை மிஞ்சிய நடராசர் இன்றும் வழிபாட்டில் நிற்கிறார். எந்த அருங்காட்சியக நடராசரைப் பார்த்த பிறகும் இவரைப் பார்க்க வேண்டும்.

சுவாமிமலைக்கு அரை நாள் ஒதுக்குவது அவசியம். கலைக்கூடத்துத் திருமேனி எப்படிப் பிறந்தது என்பதை இங்குள்ள ஸ்தபதிகளின் பட்டறைகளில் நேரில் காணலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முழு உருவத்தையும் முதலில் செய்கிறார்கள். அளவு எடுப்பது தென்னை ஓலையை மடித்து. அந்த மெழுகு உருவத்தின் மேல் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லியதாகப் பூசி உலர்த்தி, அதன் மேல் கனமான மண் பூச்சு ஏற்றி, கம்பியால் கட்டுகிறார்கள். வறட்டி நெருப்பில் சூடேற்ற மெழுகு உருகி வெளியேறும்; அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பு இறங்கும். மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும் என்பதால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். மெழுகில் விரல் நுனி விட்டுச் சென்ற சிறு கோட்டைக்கூட இந்த வண்டல் அப்படியே பிடித்துக்கொள்கிறது. இந்தத் தொழில் இந்த ஆற்றங்கரையில் வேரூன்றியதற்கு மண்ணும் ஒரு காரணம். வார்ப்பு நடக்கும் நாள் முன்கூட்டித் தெரியாது. முதல் நாளே பட்டறையில் விசாரித்தால் சொல்வார்கள். உளி வேலை எந்த நாளிலும் நடக்கும், அதிகக் காலம் பிடிப்பதும் அதுதான். பார்க்கப் போனால் வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் வேலை செய்பவரின் கையருகே நின்று கேள்விகளை அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

சுவரிலும் கூரையிலும்

பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் திருச்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி நாயக்கர் கால ஓவியப் படலம் உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னோர் ஓவியம் இருப்பதைக் கண்டார். சுந்தரர் கயிலை செல்லும் காட்சியும் திரிபுராந்தகரும் அங்கே தீட்டப்பட்டிருக்கின்றன. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேல் படலத்தைச் சிதைக்காமல் உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இப்படி இரு காலத்து ஓவியங்களும் பிழைத்தன.

அந்தத் திருச்சுற்றும், அதற்கு மேல் தளத்தில் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கும் சுற்றும் பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதில்லை. மூச்சின் ஈரமும் வெளிச்சமும் ஓவியத்தை அரிக்கும் என்பதால் இந்தத் தடை நியாயமானது. கோயில் வளாகத்தில் உள்ள விளக்க மையத்தில் அவற்றின் படங்களையும் செய்திகளையும் காணலாம். பெரிய கோயிலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த மையத்தைக் கடந்து போய்விடுகிறார்கள். விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே இங்கே வந்துவிட்டால், அந்தக் கற்சுவருக்குள் என்ன இருக்கிறது என்ற நினைவோடு விமானத்தைப் பார்க்கலாம்.

நேரடியாக ஓவியம் பார்க்க விரும்புபவர்கள் திருவாரூர் போக வேண்டும். தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபக் கூரையில் முசுகுந்தச் சக்கரவர்த்தி தேவலோகத்திலிருந்து தியாகராசரைக் கொண்டுவந்த கதை மராட்டியர் காலத்தில் தீட்டப்பட்டது. காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்க வரிகள் இருக்கின்றன. வரைந்தவர் சிங்காதனம் என்று தன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். பெயர் தெரியாத ஆயிரம் கைகளின் படைப்புகளுக்கு நடுவே ஒரு கலைஞரின் பெயரைப் படிப்பது மகிழ்ச்சி தருகிறது. நெடுங்காலம் புகையும் வௌவால் எச்சமும் படிந்து கிடந்த கூரையைச் சில ஆண்டுகளுக்கு முன் தனியார் அறக்கட்டளையின் முயற்சியால் வல்லுநர்கள் சுத்தம் செய்தார்கள். மண்டபம் எல்லா நேரமும் திறந்திருக்காது. கோயில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஃப்ளாஷ் போடவே கூடாது.

ஆற்றின் இரு முனைகள்

படுகையின் மேல் முனையான திருச்சியில் நேரம் குறைவென்றால் திருவரங்கத்துக்கு முன்னுரிமை கொடுக்கலாம். கோயிலுக்குள் இருக்கும் சிறு அருங்காட்சியகத்தின் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களும், சேஷராயர் மண்டபத்தில் முன்கால் தூக்கிப் பாயும் குதிரை வீரர்களும் போதுமான விருந்து. நகரத்தில் மலைக்கோட்டையின் அடியில் இராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசு அருங்காட்சியகம் இயங்குகிறது. கல்லணையில் யானை மேல் அமர்ந்த கரிகாலன் சிலையைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அணையையே பார்க்க அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

பொது இடச் சிலைகளில் தனிக் கதை உள்ளது தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கும் இராஜராஜன் சிலை. தமிழக அரசு 1970களின் தொடக்கத்தில் அதைக் கோயிலுக்குள் நிறுவ விரும்பியது. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று மத்திய அரசு இசையாததால் வெளியே பூங்காவில் நிறுவினார்கள். கோயிலைக் கட்டியவர் கோயிலுக்கு வெளியே நிற்பது பலருக்கு இன்றும் மனக்குறை. ஆயினும் சாலையில் போகும் எவரும் சீட்டும் நேரமும் பாராமல் பார்க்கக்கூடிய இடத்தில் அது இருக்கிறது.

கடல் முனையில் பூம்புகாரின் சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973இல் எழுந்தது. ஏழுநிலை மாடத்தில் கண்ணகி கதையை 49 கற்பலகைகளில் மாமல்லபுரச் சிற்பிகள் செதுக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் மரபுச் சிற்பக் கலை ஒரு காவியத்தை எடுத்துக்கொண்டு செய்த பெரிய முயற்சி இது. பழைய சிலைகளை மட்டுமே கலை என்று எண்ணி இதைத் தவிர்ப்பது தவறு. புதுப்பிப்புப் பணிக்காக மூடப்படும் காலங்கள் உண்டு என்பதால் புறப்படும் முன் விசாரிக்க வேண்டும். பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரையின் செங்கல் அடித்தளத்தையும் கீழையூரில் படகுத்துறை எச்சத்தையும் தொல்லியல் துறை அகழ்ந்து வெளிப்படுத்தியது. அவற்றையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

அங்கிருந்து தெற்கே தரங்கம்பாடி. 1620இல் டேனியர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. 1706இல் வந்து இறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்குவின் அச்சகம் 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தது. அவர் வாழ்ந்த இல்லமும் இப்போது காட்சிக்கூடமாகத் திறந்திருக்கிறது. தரங்கம்பாடியை டேனியருக்கு விட்டுக்கொடுத்த தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன்னேட்டில் அனுப்பிய ஓலை, கோபன்ஹேகன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது.

நாளும் நேரமும்

கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில் திறக்கின்றன. எனவே காலையில் கோயில், நடுப்பகலில் அருங்காட்சியகம், மாலையில் மறுபடி கோயில் என்று அமைத்தால் ஒரு மணி நேரமும் வீணாகாது. கற்சிற்பங்களுக்குச் சாய்ந்த வெயில்தான் நல்ல வெளிச்சம் என்பதால் இந்த ஏற்பாடு கண்ணுக்கும் பொருந்தும். உச்சி வெயிலில் கல்தளம் செருப்பில்லாத காலைச் சுட்டுவிடும். அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கும் தொல்லியல் துறையின் தல அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் விடுமுறை ஒழுங்கு வேறு என்பதால் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கண்டிப்பு கோயிலுக்குக் கோயில் மாறுகிறது. ஒரு சிறு நோட்டும் பென்சிலும் வைத்திருப்பவருக்கு இதனால் இழப்பில்லை. கலைக்கூடத்து அட்டையிலிருந்து ஊர்ப்பெயரை எழுதிக்கொள்ளவும் அதுவே போதும். அருங்காட்சியகங்களில் கேமராவுக்குத் தனிச் சீட்டு கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்வது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாலைகளை மறிக்கும். தை, மாசி மாதங்கள் நடப்பதற்கு ஏற்றவை. ஆற்றில் தண்ணீரோடு படுகையைப் பார்க்க விரும்புபவர்கள், மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்குச் சில வாரங்கள் கழித்து வரலாம். வெயில் இருக்கும், ஆனால் வாய்க்கால்கள் ஓடும். இரண்டு இரவு தஞ்சையிலும் இரண்டு இரவு கும்பகோணத்திலும் ஓர் இரவு மயிலாடுதுறையிலும் தங்கினால் இந்த அத்தியாயத்தில் சொன்ன இடங்களில் பெரும்பாலானவற்றை அவசரமின்றிப் பார்த்துவிடலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு காலைப்பொழுது போதும். கொள்ளிடத்தைக் கடந்து போகும் அந்தப் பேருந்தை விடியற்காலையிலேயே பிடித்துவிடுவது நல்லது.